பிச்சிக்கு மணமில்லாத ஒன்பது நாள்

காலை நாலரைக்கு முதல் சாக்கைப் பிரித்தேன்.
முகத்தைப் புதைத்து ஒரு இழுப்பு.
வெள்ளையாக இருந்தது,
ஈரமாக இருந்தது,
பிச்சியாக இல்லை.

பதினாறு வருசமாகத் தோவாளைச் சந்தையில்
நான் கண்ணால் பூ வாங்கியதில்லை.
நேற்றைய பூவை இன்றைய மொட்டுக்கடியில் ஒளித்தால்
சாக்கின் நடுவிலிருந்து ஒரு புளிப்பு எழும்பும்,
கழுவாத மோர்ப்பானைபோல.
அது என் மூக்குக்குத் தப்பாது என்று
சந்தைக்கே தெரியும்.

அன்றைக்கு நல்லபெருமாள்
என் தும்மலை எண்ணிக்கொண்டு நின்றான்.
மூன்றாவதில் விலையை ஏற்றினான்.
நாலு சாக்கு எடுத்தேன்.
மத்தியானம் திருவனந்தபுரம் கடையிலிருந்து போன்:
‘அண்ணாச்சி, பூ பாதியும் கருத்துப்போச்சே.’

எங்கே பிடித்தது இது?
ஆரல்வாய்மொழிக் காற்று என்றாள்
கொழுந்து விற்கிற இசக்கியம்மாள்.
காற்று பாவம்.
கணவாயில் நுழைந்து காற்றாடிகளைச் சுற்றிவிட்டு
தன் பாட்டுக்குப் போகிறது.
வெள்ளிக்கிழமை வேன்காரன் டென்னிசன் இருமினான்.
இருமிய கையால் நோட்டுக்கட்டைத் தந்தான்.
எச்சில் தொட்டு எண்ணினேன், அறுபத்திரண்டு நோட்டு.
அதே விரலால் கண்ணைக் கசக்கினேன்.
அவனுக்கு யார் தந்தார்களோ.
பூ போகிற வண்டியிலேயே
இதுவும் ஊர் ஊராகப் போகிறது,
சீட்டு இல்லாமல், எடை இல்லாமல்.

டாக்டர் அஜிலாவிடம் நான் கேட்டது
பல் பிடுங்கியபோது தந்த இரண்டு நிறக் கேப்ஸ்யூல்.
வீட்டில் அஞ்சு மிச்சம் கிடக்கு, போடட்டா?
‘அது பாக்டீரியாவுக்கு.
உங்களுக்கு வந்திருக்கிறது வைரஸ்.
ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்குத் தபால்?’
சளி மஞ்சளாகிவிட்டதே என்றேன்.
‘ஆகும். பச்சையும் ஆகும்.
உள்ளே சண்டை நடக்கிறது, குப்பை வெளியே வருகிறது.’
பத்து நாள் என்றார்.
ஓணத்துக்கு எட்டு நாள்தான் இருக்கு என்றேன்.
‘வைரசுக்கு ஓணம் கிடையாது அண்ணாச்சி.
காய்ச்சல் மூணு நாளைத் தாண்டினால்,
மூச்சு வாங்கினால்,
குறைந்துவந்தது திரும்பக் கூடினால்
ஓடி வாங்க.
இல்லையென்றால் வெந்நீர், உப்புக் கொப்பளிப்பு, தூக்கம்.’

தூக்கம்!
ஆவணியில் பூ வியாபாரியிடம்
அதை மட்டும் சொல்லியிருக்க வேண்டாம்.

வீட்டில் மூன்று மாதக்காரி ஒருத்தி இருக்கிறாள்.
மூக்கடைத்தால் அவளால் பால் குடிக்க முடியாது.
அந்தச் சின்ன மூக்கில் கல் வைக்கிறவன்
நானாக இருக்கக் கூடாது.
பாயை முன்னறைக்கு இழுத்தேன்.
சோப்புப் போட்டுப் போட்டு
கையில் பூக்கறைகூட வெளுத்துவிட்டது.
வாசல்படியில் நின்று, துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு
அவளைப் பார்த்தேன்.
கொள்ளைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
பிறகு சிரித்தாள்.

அஞ்சாம் நாள் எதேச்சையாக
சாக்குக்குள் முழங்கைவரை கையை விட்டேன்.
மேலே குளிர்ச்சி.
நடுவில் ஒரு வெதுவெதுப்பு,
காய்ச்சல் கண்ட நெற்றிபோல.
பழைய பூவுக்கும் சூடு உண்டு என்று
மூக்கு நன்றாக இருந்தவரை எனக்குத் தெரியாது.
நல்லபெருமாள் முகம் போன போக்கு!

ஒன்பதாம் நாள்
முதலில் வந்தது டீசல்.
பிறகு டீக்கடையில் பொங்கி வழிந்த பால்.
பிறகு, ஒரு சாக்கின் அடியிலிருந்து,
என் பழைய மோர்ப்பானை.
அந்தத் திருட்டுப் புளிப்பை
நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு சிரித்தேன்.
‘என்னடே சிரிக்க?’ என்றான் நல்லபெருமாள்.
கேட்டு முடிப்பதற்குள் தும்மினான்.
ஒன்று.
இரண்டு.

மூன்றாவதில் விலையைக் குறைத்தேன்.
அப்புறம் மனசு கேட்காமல்
டீக்கடையில் அவன் கிளாசை மட்டும்
கொதிக்கும் தண்ணீரில் கழுவச் சொன்னேன்.

இருமல் இன்னும் போகவில்லை.